அந்த மேசையைத் தேடி: ராம்புயே முதல் ஏவியான் வரை

முதல் நாள், 2025 நவம்பர் 10, திங்கள், ராம்புயே

பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்தோம், நானும் மனைவியும். ஒரு மணி நேரத்துக்குள் ராம்புயே வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து அரண்மனைக்கு நடந்தே போகலாம். கடைத்தெரு முடிகிற இடத்தில் கேட், உள்ளே பெரிய பூங்கா, கால்வாய்கள், மஞ்சள் இலை உதிர்ந்து கிடக்கும் பாதை. நல்ல குளிர்.

மகள் பாரிஸில் இருக்கிறாள். ஈபிள் கோபுரமெல்லாம் போன தடவையே பார்த்தாயிற்று. இந்த முறை எனக்கென்று ஓர் ஆசை வைத்திருந்தேன். 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். டாலர் விலை, கச்சா எண்ணெய், வட்டி விகிதம் என்று எங்கள் கவுண்டர் வரை வந்து சேர்ந்த பல விஷயங்கள், எங்கோ தூரத்தில் ஆறேழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியதில் தொடங்கியவை. அந்த மேசையைப் போட்ட ஊர்களை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இன்று ஜி-7 மாநாடு என்று சொல்கிறோமே, பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடும் அந்த மேசைதான். அந்த வரிசையில் முதல் ஊர் ராம்புயே. வரும் சனிக்கிழமையோடு சரியாக 50 வருடம். 1975 நவம்பர் 15-உம் ஒரு சனிக்கிழமைதான்.

அன்று இங்கே கூடியவர்கள் ஆறு பேர். பிரான்ஸ் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேன், அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு, மேற்கு ஜெர்மனியின் ஹெல்முட் ஷ்மிட், பிரிட்டனின் ஹரோல்ட் வில்சன், ஜப்பானின் தாகேயோ மிகி, இத்தாலியின் ஆல்டோ மோரோ. சனிக்கிழமை தொடங்கி திங்கட்கிழமை முடித்துவிட்டார்கள்.

ஆனால் இதன் வேர் இரண்டு வருடம் முந்தியது. டாலருக்குத் தங்கம் தருவதை 1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் நிறுத்தினார். நாணயங்களுக்கு இருந்த நங்கூரம் அறுந்துபோயிற்று. 1973 மார்ச்சில் அமெரிக்க நிதியமைச்சர் ஜார்ஜ் ஷுல்ஸ், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பிரிட்டன் நிதியமைச்சர்களை வாஷிங்டனுக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெள்ளை மாளிகையின் தரைத்தளத்தில் இருக்கும் நூலகத்தில் உட்கார்ந்தார்கள். அதனால் 'நூலகக் குழு' என்றே பெயர் வந்தது. பிறகு ஜப்பானும் சேர்ந்தது. அந்த நூலகத்தில் இருந்த ஜிஸ்காரும் ஷ்மிட்டும் அடுத்த வருடமே தங்கள் நாடுகளின் தலைவர்கள் ஆனார்கள். அதற்குள் எண்ணெய் விலை நான்கு மடங்காகியிருந்தது. நிதியமைச்சர்களாக இருந்தபோது மனம்விட்டுப் பேசியது பலன் தந்ததே, தலைவர்களாகவும் அப்படிப் பேசினால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. 1975 ஜூலைக் கடைசியில் ஹெல்சிங்கி போயிருந்தபோது, பிரிட்டிஷ் தூதரகத்தில் மதியச் சாப்பாட்டில் நான்கு தலைவர்கள் இதை முடிவு செய்தார்கள்.

அரண்மனைக்குள் போனதும் எனக்கு முதலில் பட்டது, இது சின்ன இடம் என்பதுதான். வெர்சாய் பார்த்த கண்ணுக்கு இது ஒரு ஜமீன் பங்களா மாதிரி. பழைய வட்டக் கோபுரம் ஒன்று. 1547-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா இறந்தது இந்த அரண்மனையில்தான். உள்ளே சிவப்பும் சாம்பலுமாகப் பளிங்கு பதித்த ஒரு கூடம், மரச் சுவரில் நூல் நூலாகச் செதுக்கிய பூவேலை, நெப்போலியன் குளித்த சின்ன அறை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். மூன்று நாள் இங்கே தங்கினால் மாடிப்படியில், தாழ்வாரத்தில், சாப்பாட்டு மேசையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கவே முடியாது. அதுதான் ஜிஸ்காருக்கு வேண்டியிருந்தது. அதிகாரிகளைக் குறைத்தார். ஒவ்வொரு தலைவரோடும் வெளியுறவு, நிதி அமைச்சர்கள், அவ்வளவுதான். எழுதிவைத்ததை வாசிக்காமல் பேச வேண்டும் என்றார்.

சும்மா பேசிவிட்டுப் போகவில்லை. நாணய மதிப்பு நிலையாக இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் பிடிவாதமாக இருந்தது. சந்தை விட்டபடி மிதக்கட்டும் என்றது அமெரிக்கா. இரண்டு நாட்டு அதிகாரிகள் முன்கூட்டியே சத்தமில்லாமல் பேசி ஒரு சமரச வாசகம் தயாரித்திருந்தார்கள். தலைவர்கள் இங்கே அதற்குத் தலையசைத்தார்கள். இரண்டே மாதத்தில், 1976 ஜனவரியில், ஜமைக்காவில் கூடிய சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) கூட்டத்தில் அது உலகத்துக்கே விதியாக ஏற்கப்பட்டது. இந்தக் கூட்டங்கள் நடக்கிற விதமே இதுதான். இதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, சாசனம் கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது, சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா கூடக் கிடையாது. பேசி முடிப்பது இங்கே, கையெழுத்தாகி அமலுக்கு வருவது வேறொரு இடத்தில். அதே 1975 செப்டம்பரில்தான் நம் ரூபாயை பிரிட்டிஷ் பவுண்டிலிருந்து அவிழ்த்து, பல நாணயங்களின் கூடையோடு கட்டினார்கள். மிதக்கும் உலகத்தில் ஆளாளுக்கு ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்ட காலம் அது.

எல்லாம் நடந்துவிடவில்லை. வர்த்தகப் பேச்சுவார்த்தையை 1977-க்குள் முடிப்போம் என்று இங்கே அறிவித்தார்கள். 1979-இல்தான் முடிந்தது.

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். "ஆறு பேர்ல கனடா இல்லையாங்க?" என்றாள் மனைவி. இல்லை. பிரான்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபோர்டுக்கு அதில் வருத்தம். அடுத்த வருடம் போர்ட்டோ ரிக்கோவில் தானே மாநாடு கூட்டி, கனடாவுக்கு இலை போட்டார். ஜி-7 ஆனது அப்படித்தான். முதல் பந்தியில் யார் உட்காருவது என்ற பிரச்சினை முதல் நாளே தொடங்கிவிட்டது.

மோரோவை நினைத்துக்கொண்டேன். இங்கிருந்து ஊர் திரும்பிய இரண்டரை வருடத்தில், 1978 மே மாதம், கடத்திக் கொல்லப்பட்டு ரோமில் ஒரு காரின் பின்பக்கத்தில் கிடந்தார்.

இரண்டாம் நாள், நவம்பர் 11, செவ்வாய், பாரிஸ்

முதல் உலகப் போர் முடிந்த நாள். ஊரே விடுமுறை. மகளும் கூட வந்தாள்.

லூவ்ர் அருங்காட்சியக முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். உள்ளே போகவில்லை. இதன் ரிஷ்லியூ பகுதியில்தான் 1980-களின் கடைசிவரை பிரான்ஸ் நிதியமைச்சகம் இருந்தது. 1985 செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி, டாலரின் மதிப்பை இறக்குவது என்று முடிவெடுத்தார்கள். அப்போது ஒரு டாலருக்கு 240 யென் போலக் கிடைத்தது. 1987 பிப்ரவரியில் அது 150 பக்கம் வந்துவிட்டது. "போதும், இனி இறங்க வேண்டாம்" என்று சொல்ல இந்தக் கட்டடத்தில் கூடினார்கள். ஐந்து பேர் முதலில் தனியாகப் பேசி முடித்துவிட்டு அப்புறம் எங்களைக் கூப்பிடுகிறீர்களா என்று இத்தாலிய அமைச்சர் கோபித்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்த எங்கள் சீனியர் காலையில் வந்ததும் முதல் வேலையாக யென் விலையைத்தான் பார்ப்பார். ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது.

அங்கிருந்து மெட்ரோ ஒன்றாம் லைனில் கடைசி ஸ்டேஷன், லா தெஃபான்ஸ். படியேறி வெளியே வந்தால் எதிரே கிராந்த் ஆர்ஷ். நடுவில் ஒன்றுமில்லாத ஒரு வெள்ளைச் சதுரம், 110 மீட்டர் உயரம். அதை வடிவமைத்த டென்மார்க்காரர் ஸ்ப்ரெக்கெல்சன், கட்டி முடியும் முன்பே 1987-இல் இறந்துவிட்டார். விடுமுறை என்பதால் அலுவலகக் கோபுரங்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. படிகளில் உட்கார முடியாத அளவுக்குக் காற்று.

1989 ஜூலை, பிரெஞ்சுப் புரட்சியின் 200-ஆவது ஆண்டு. பிரான்ஸ் அதிபர் மித்தரான் உலகத் தலைவர்களை எல்லாம் விழாவுக்கு அழைத்திருந்தார். விழாவோடு விழாவாக ஜி-7 மாநாடு இந்த ஆர்ஷின் உச்சியில் நடந்தது. அந்தக் கூட்டறிக்கையில் போதை மருந்துப் பணத்தைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. கறுப்புப் பணம் வங்கிகள் வழியாக வெள்ளையாவதைத் தடுக்க ஒரு பணிக்குழு அமைப்போம் என்றார்கள். ஏழு நாடுகள், ஐரோப்பிய ஆணையம், கூடவே எட்டு நாடுகள். அதுதான் எஃப்.ஏ.டி.எஃப். அடுத்த வருடமே 40 பரிந்துரைகள் வந்தன. பரிந்துரைதான், சட்டமில்லை. ஆனால் அதை ஏற்காத நாட்டை உலகமே சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்தபிறகு, ஏற்காமல் இருக்க யாரால் முடியும்? நம் ரிசர்வ் வங்கி 2004-இல் அந்தப் பரிந்துரைகளையொட்டி விதிகளைத் திருத்தியது. இந்தியா அதில் உறுப்பினர் ஆனது 2010-இல்தான்.

உங்கள் வங்கி அவ்வப்போது கேட்கும் கேஒய்சி படிவம் இதன் வழியாக வந்ததுதான்.

இதை எழுதும்போது எங்கள் கிளைக்கு வந்த ஓர் அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். சந்தையில் கீரை விற்பவர், எழுபது வயதிருக்கும். முதியோர் பென்ஷன் எடுக்க வந்தார். கேஒய்சி புதுப்பிக்காததால் கணக்கு நின்றிருந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து கவுண்டரில் வைத்தார். ரேஷன் கார்டில் பெயர் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் வேறு மாதிரி. கரண்ட் பில் இறந்துபோன கணவர் பெயரில். போட்டோ கேட்டதும் திகைத்துப் போனார். "என்னயப் பாத்தா தெரியலையா சாமி?" என்றார். தெரியும். பத்து வருடமாகத் தெரியும். ஆனாலும் படிவத்தை நீட்டியது நான்தான். மூன்று தடவை நடந்தார். மூன்றாவது முறை வந்தபோது கீரைக்கட்டு ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வேலை முடிந்ததற்கு நன்றியாம்.

கறுப்புப் பணத்தைத் தடுப்பது நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பெரிய மோசடிகள் பிடிபடுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஆர்ஷின் உச்சியில் ஏழு பேர் பேசியபோது, அந்த அம்மாவைப் போன்ற ஒருவரைத் தெரிந்த ஆள் யாரும் அந்த மேசையில் இல்லை. என் கவலையெல்லாம் அதுதான். இந்தப் பயணத்துக்குக் காரணமும் அதுதான் என்று இன்று அந்தப் படியில் நிற்கும்போது தெரிந்தது.

இன்னொன்றும் அந்த ஜூலையில் நடந்தது. விழாவுக்கு வந்திருந்த நான்கு தலைவர்கள் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தார்கள். எகிப்தின் முபாரக், செனெகலின் தியூஃப், வெனிசுலாவின் பெரஸ், இந்தியாவின் ராஜீவ் காந்தி. பணக்கார நாடுகளும் வளரும் நாடுகளும் முறையாக உட்கார்ந்து பேச ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார்கள். ஏழு பேர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடத்தில் ராஜீவ் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் நம் நாடு கடனுக்காக 47 டன் தங்கத்தை லண்டனுக்கும் ஜப்பானுக்கும் அடமானமாகக் கொடுத்தது.

மகள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். திரும்பும்போது, "இதையெல்லாம் நீங்க வீட்ல சொன்னதே இல்லையேப்பா" என்றாள்.

மூன்றாம் நாள், நவம்பர் 12, புதன், லியோன்

டி.ஜி.வி அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். இரண்டு ஆறுகள் சேரும் ஊர். ரோன் கரையோரமாக நடந்தோம்.

1996 ஜூனில் இங்கே கூடினார்கள், பிரான்ஸ் அதிபர் ஷிராக் தலைமையில். பெரிதாக யாருக்கும் ஞாபகமில்லாத மாநாடு. ஆனால் ஏழை நாடுகளின் கடனைப் பற்றி இங்கே பேசியது வீண்போகவில்லை. கட்டவே முடியாத கடனில் மூழ்கிய நாடுகளுக்கு, சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் கொடுத்த கடனைக்கூடக் குறைக்கலாம் என்ற திட்டம் அந்த வருடமே தொடங்கியது. உகாண்டாவுக்கு 1998-இல் முதலில் கிடைத்தது. கிடைத்தது போதவில்லை, தாமதம் வேறு. அதே 1998-இல் பர்மிங்ஹாம் மாநாட்டைச் சுற்றி சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் கடன் கொடுத்த நாடுகளின் சாதாரண ஜனங்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பாட்டிமார்கள். அடுத்த வருடம் கொலோனில் திட்டத்தை விரிவாக்கினார்கள். 2005-இல் கிளெனீகிள்ஸில் பன்னாட்டு அமைப்புகளின் கடனை முழுசாகவே தள்ளுபடி செய்வது வரை வந்தது. 30-க்கும் மேற்பட்ட நாடுகள் பயனடைந்தன.

வங்கிக்காரன் என்பதால் சொல்கிறேன். வராக்கடனைத் தள்ளுபடி செய்ய ஒரு மேலாளருக்கு எவ்வளவு தயக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாட்டின் கடனைத் தள்ள பத்து வருடம் ஆனதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் பள்ளிக்கூடம் போகாமல் விட்ட குழந்தைகளுக்கு அந்த வயது திரும்ப வராதே.

நான்காம் நாள், நவம்பர் 13, வியாழன், ரயிலில்

நாள் முழுக்க ரயில். ஆல்ப்ஸ் மலைக்குள் நுழைந்து மொதான் தாண்டி நீளமான குகைப்பாதை, வெளியே வந்தால் இத்தாலி. துரினில் மாறி இரவு ஜெனோவா சேர்ந்தோம்.

மலையைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒரு சொல் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஷெர்பா. உச்சி மாநாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு தலைவரின் பிரதிநிதியும் மாதக்கணக்கில் கூடிக் கூட்டறிக்கையை வரிக்கு வரி பேசி முடிப்பார். அவருக்குப் பெயர் ஷெர்பா. இமயமலையில் மற்றவர்களின் மூட்டையைச் சுமந்து உச்சிக்கு வழிகாட்டும் மக்களின் பெயர் அது. ராம்புயேவுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர்களில் ஃபோர்டுக்காக ஷுல்ஸ், ஜிஸ்காருக்காக ரேமோன் பார். டெல்லியில் 2023-இல் ஜி-20 நடந்தபோது நமக்கு அமிதாப் காந்த். உக்ரைன் பற்றிய ஒரு பத்திக்காக அன்று ராப்பகலாகப் பேச்சு நடந்தது. போட்டோவில் தலைவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தூங்காமல் ஒரு வார்த்தைக்காக மல்லுக்கட்டியவர்கள் இருப்பார்கள். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

ஐந்தாம் நாள், நவம்பர் 14, வெள்ளி, ஜெனோவா

காலையில் பலாட்சோ துகாலே. 2001 ஜூலையில் ஜி-8 கூடிய இடம். அப்போது ரஷ்யாவும் உண்டு. 1998-இல் சேர்த்தார்கள், கிரைமியாவைப் பிடித்ததும் 2014-இல் வெளியே நிறுத்திவிட்டார்கள். பின்னால் இருக்கும் சந்துகள் அவ்வளவு குறுகல். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம் போல. நான்காவது, ஐந்தாவது மாடியில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். மாநாட்டுக்காக நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி உயரமான இரும்பு வேலி போட்டார்கள். 'சிவப்பு மண்டலம்' என்று பெயர். குடியிருப்பவர்களும் அனுமதிச் சீட்டோடுதான் நடமாட முடியும். ஜன்னலில் துணி தொங்கவிடாதீர்கள் என்றும் அப்போதைய பிரதமர் பெர்லுஸ்கோனி கேட்டுக்கொண்டார்.

மனைவி அண்ணாந்து பார்த்தபடி, "துணி காயப்போடக்கூட விடாம அப்படி என்னங்க பேசினாங்க?" என்றாள்.

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு ஓர் உலக நிதி பற்றிப் பேசினார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்திருந்தார். சுமார் 130 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடம் தொடங்கிய அந்த நிதி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இந்தியாவின் காசநோய், எச்.ஐ.வி திட்டங்களுக்கும் அதிலிருந்து பணம் வந்தது.

அதே நாட்களில் வேலிக்கு வெளியே லட்சக்கணக்கானவர்கள் நின்றார்கள்.

பிரிஞோலே ஸ்டேஷன் பக்கமாக நடந்து அலிமோந்தா சதுக்கத்துக்குப் போனோம். பெரிய இடமில்லை. ஒரு சர்ச், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், நடுவில் கொஞ்சம் செடிகள். அங்கே ஒரு கல். 'கார்லோ ஜூலியானி, ராகாட்சோ' என்று எழுதியிருக்கிறது. ராகாட்சோ என்றால் பையன். 23 வயது. ஜூலை 20 அன்று மாலை போலீஸ் ஜீப்பை நோக்கித் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கியவனை உள்ளிருந்து சுட்டார்கள். அடுத்த இரவு, போராட வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்த தியாஸ் பள்ளிக்கூடத்துக்குள் போலீஸ் புகுந்து அடித்ததில் 60-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அது சித்திரவதைதான் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-இல் தீர்ப்புச் சொன்னது.

கல்லுக்குக் கீழே பிளாஸ்டிக் தாள் சுற்றிய பூங்கொத்து ஒன்று, மழையில் நனைந்து கிடந்தது. மனைவி குனிந்து அதை நிமிர்த்தி வைத்தாள். எங்கள் பையனுக்கு இப்போது 29. போராட்டத்தில் நடந்த எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்தவில்லை. கடைகளை உடைத்தார்கள், வண்டிகளைக் கொளுத்தினார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் கேட்டது, எங்களைப் பற்றி எடுக்கும் முடிவை எங்களிடம் சொல்லுங்கள் என்பதுதானே. ராம்புயேவில் சின்ன அறை வேண்டும் என்று ஜிஸ்கார் நினைத்ததில் ஒரு நேர்மை இருந்தது. மனம்விட்டுப் பேசக் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும். அந்தச் சாத்திய கதவு 26 வருடத்தில் இரும்பு வேலியாக வளர்ந்துவிட்டது.

அடுத்த வருட மாநாட்டைக் கனடாவில் ராக்கி மலைக்குள் கனனாஸ்கிஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் தீவு, மலை, கடற்கரை விடுதி என்று ஜனங்கள் நெருங்க முடியாத இடங்களாகவே பெரும்பாலும் பார்த்தார்கள்.

மதியம் மிலான் வழியாக ரயில். இரவு லொசான் வந்து சேர்ந்தோம்.

ஆறாம் நாள், நவம்பர் 15, சனி, ஏவியான்

லொசான் படகுத்துறையிலிருந்து ஜெனீவா ஏரியைக் கடக்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து, அந்தப் பக்கம் பிரான்ஸ். வேலைக்குப் போய்வருகிறவர்கள் பஸ் மாதிரி இதில் ஏறி இறங்குகிறார்கள். பனி மூட்டத்துக்குள்ளிருந்து ஏவியான் ஊர் மெதுவாகத் தெரிந்தது. மேலே சரிவில் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பெரிய கட்டடம். ஹோட்டல் ராயல்.

ஏறிப் போனோம். மூச்சு வாங்கியது. நாங்கள் தங்குகிற இடமில்லை அது. வெளியே சாலையில் நின்று பார்த்தோம்.

2003 ஜூனில் ஜி-8 இங்கே. இராக் போர் முடிந்த கையோடு புஷ்ஷும் ஷிராக்கும் முகம் கொடுத்துப் பேசுவார்களா என்பதே அன்று பெரிய செய்தி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஷிராக் பத்துக்கும் மேற்பட்ட வளரும் நாடுகளின் தலைவர்களை அழைத்திருந்தார். சீனாவிலிருந்து ஹூ ஜின்டாவ், பிரேசிலிலிருந்து லூலா, தென்னாப்பிரிக்காவிலிருந்து தாபோ எம்பெக்கி, நம் வாஜ்பாய். கூப்பிட்டார்கள், உட்காரவைத்தார்கள், பேசவிட்டார்கள். ஆனால் விருந்தாளிகளாக. லூலா, எம்பெக்கி, வாஜ்பாய் மூவரும் இங்கே சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். அதே வாரம் பிரேசிலியாவில் மூன்று நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் கூடி, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா சேர்ந்த தனிக் குழுவை அறிவித்தார்கள். விருந்தாளியாகவே எத்தனை நாள் இருப்பது?

2008-இல் பணக்கார நாடுகளின் வங்கிகளே சரிந்தபோதுதான் நிலைமை மாறியது. நிதியமைச்சர்கள் மட்டும் 1999 முதல் கூடிக்கொண்டிருந்த ஜி-20, அந்த நவம்பரில் தலைவர்களின் மேசையானது. மன்மோகன் சிங் அதில் உறுப்பினராக உட்கார்ந்தார். 2023-இல் டெல்லியில் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கும் நாற்காலி போட்டார்கள். 1989-இல் முபாரக்கும் தியூஃபும் பெரஸும் ராஜீவும் கேட்டதற்கும் இதற்கும் நடுவில் 34 வருடம். நான் வேலை பார்த்த காலமும் அவ்வளவுதான்.

இதே ஹோட்டலுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதை எழுதாமல் போக மனம் வரவில்லை. 1938 ஜூலை. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்தும், அப்போதுதான் விழுங்கப்பட்ட ஆஸ்திரியாவிலிருந்தும் யூதர்கள் தப்பி ஓட வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் முயற்சியில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் ஹோட்டல் ராயலில் கூடினார்கள். ஒன்பது, பத்து நாள் பேசினார்கள். ஒவ்வொருவராக எழுந்து அனுதாபம் தெரிவித்தார்கள். எங்கள் நாட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பெரிய அளவில் ஏற்கிறோம் என்று முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும். நான்கே மாதத்தில், இதே நவம்பரில், ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் கோயில்களும் எரிந்தன. யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்கள் இந்த வாசலில் பார்வையாளர்களாக மட்டும்தான் நிற்க முடிந்தது. வந்தவர்களில் ஒருவர் கோல்டா மேயர், பிற்பாடு இஸ்ரேல் பிரதமர் ஆனவர்.

எவ்வளவு நேரம் அங்கேயே நின்றிருந்தேன் என்று தெரியவில்லை. மனைவிதான் கையைப் பிடித்து, "வாங்க, குளிருது" என்றாள்.

அடுத்த ஜூனில், 2026-இல், ஜி-7 மறுபடியும் ஏவியானுக்கு வருகிறது. இந்த வருடம் கனனாஸ்கிஸில் எல்லோரும் சேர்ந்து ஒரே கூட்டறிக்கை வெளியிடக்கூட முடியவில்லை. அடுத்த சனி, ஞாயிறு ஜோஹன்னஸ்பர்க்கில் ஜி-20, ஆப்பிரிக்க மண்ணில் முதல் தடவை. அமெரிக்கா யாரையும் அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. 50 வருடம் முன்னால் இதே நாளில் ஃபோர்டு ராம்புயே வந்து இறங்கினார். பேசப் போகாமல் இருப்பதைவிடப் போய்ச் சண்டை போடுவது எவ்வளவோ மேல் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன். கிளையில் எத்தனை தகராறு ஒரு டீயோடு தீர்ந்திருக்கிறது.

இறங்கி வரும் வழியில் கஷா ஊற்று. கடைகளில் விலைக்கு விற்கும் அந்த ஏவியான் தண்ணீர் இங்கே தெருவோரக் குழாயில் சும்மா வருகிறது. யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். பின்னால் வண்ண ஓடு பதித்த சுவர். எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், காலடியில் வரிசையாக ஐந்தாறு கேன்கள். இரண்டாவது நிரம்பிக்கொண்டிருந்தது. மனைவி கையில் இருந்த ஒற்றை பாட்டிலைப் பார்த்தார். பாதி நிரம்பிய கேனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று, குழாயைக் காட்டினார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. மூன்று மணிப் படகில் திரும்பினோம்.